தெருவிலிருந்து தெரியாத கூரை

"அம்மா, என் ரூம்ல டோஸ்ட் வாசம் வருது," என்று சொல்லிக்கொண்டே சுபாங்கி மரப்படிகளில் இறங்கி வந்தாள். பிரசாந்தி மேசையில் கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் வரும்போது மட்டும் கண்ணாடி அலமாரியை விட்டு இறங்கும் கோப்பைகள். கையில் இருந்ததைத் துடைத்த துணியோடு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் யாரும் ரொட்டி வாட்டவில்லை. சமையலறையில் அம்மா புஷ்பராணி வடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டி இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

"எப்போலேருந்து வருது கண்ணு?"

"சன் வந்ததுலேருந்து," என்றாள் குழந்தை. இதையெல்லாமா கேட்பார்கள் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசிப் படியிலிருந்து இரண்டு காலாலும் குதித்து அம்மம்மாவிடம் ஓடினாள்.

பிரசாந்தி கோப்பையை வைத்துவிட்டு மேலே ஏறினாள். கூரைக்கு அடியிலிருந்த அந்தச் சின்ன அறையைக் கஜன்தான் மகளுக்கென்று வரைந்து கட்டியிருந்தான். சாய்ந்த உட்கூரை முழுவதும் வெள்ளைப் பலகை. சன்னல் வழியாக ஜாலான் புசார் தெருவின் பின்சந்து. சுவரில் மஞ்சள் மீன்கள். காலையிலிருந்தே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு நேர்மேலே, விளக்கிற்கு ஒரு சாண் தள்ளி, அந்தக் கறை இருந்தது. தேநீர் நிறம். மழைக்காலத்துக்கு முன்பு ஒரு நாணயத்தின் அளவுதான் இருந்தது. இப்போது அவள் கீழே வைத்துவிட்டு வந்த கோப்பையை அதன்மேல் கவிழ்த்தால் விளிம்பு சரியாகப் பொருந்தும். அப்பா அதை ஒழுகல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மழை நின்றபிறகுதான் அது வளர்கிறது என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை. பிரசாந்தி கவனித்திருந்தாள். போன வாரம், சன்னல் காற்று நல்லது என்று சாக்குச் சொல்லி, கட்டிலைத் தள்ளப் பார்த்தாள். கனமான கட்டில், தன் அகலத்தில் பாதி தூரம்தான் நகர்ந்தது. அன்று முதல் சுபாங்கி இரவில் பெற்றோர் அறையில்தான் தூங்குகிறாள். ஆனால் இருட்டியபிறகு அந்தக் கறையால் ஒரு பயமும் இல்லை. வெயிலோடு விழித்து வெயிலோடு அடங்குகிற ஒன்று அது.

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். சூடான பிளாஸ்டிக், அதற்குள் பழைய மரம். குழந்தைக்கு டோஸ்ட் என்று தோன்றியதில் தவறில்லை.

கஜனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அப்பா ஜெயரத்தினம் கோபப்படவில்லை. காலமெல்லாம் அரசாங்க அலுவலகத்தில் கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்திருந்த மனிதர். குரலை உயர்த்தும் பழக்கம் அவருக்கு இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கூரை ஏறுற பையனா?" என்று மட்டும் கேட்டார். கஜன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, கட்டடங்களுக்குச் சூரியத் தகடு பொருத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தான். அந்தக் கேள்விக்குப் பிறகு திருமணம் நடந்தது, ஈசூனில் அரசாங்க அடுக்குமாடியில் ஒரு வீவக வீடு வாங்கினார்கள், சுபாங்கி பிறந்தாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அந்தக் கேள்வி அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்துதான் இருந்தது. கஜன் சோற்றைப் பிசையும்போது அப்பாவின் கண் அவன் விரல்களின் சிராய்ப்புகளில் ஒரு கணம் நின்றுவிட்டு நகரும். கஜனுக்கும் அது தெரியும். அவன் கையை மறைத்துக்கொண்டதில்லை. அவளுக்கு அவனைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய இந்த ஜாலான் புசார் கடைவீடு அப்பாவின் தாத்தா காலத்துச் சொத்து. வெகுகாலம் வாடகைக்கு விட்டு, பிறகு யாரும் வராமல் கிடந்தது. அதைப் புதுப்பித்து எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று அப்பா முடிவுசெய்தபோது, கஜன் வேலையை விட்டுச் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தான். கூரையில் தகடு போடலாம் என்றான். "பழைய வீட்டுக்குப் புதுத் தொப்பி எதுக்கு?" என்றார் அப்பா. அந்த வரிசை வீடுகளெல்லாம் பழமைக்காக அரசாங்கம் பாதுகாப்பவை. முகப்பில் ஒரு பூவேலையைக்கூட மாற்ற முடியாது. முன்சரிவின் மண் ஓடுகள் அப்படியே இருக்க வேண்டும். கஜன் ஒரு தாளில் கூரையை வரைந்து, முகட்டுக்குப் பின்னால், சந்தைப் பார்த்த சரிவில், நீலத்தில் கட்டம் போட்டுக் காட்டினான். "தெருவுல நின்னு பார்த்தா ஒண்ணுமே தெரியாது மாமா. தெரியவும் கூடாது, அதான் ரூல்." தெரியாது என்ற சொல் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. தலையாட்டினார்.

பால் காய்ச்சுகிற யோசனை அம்மாவுடையது. "சூரிய பகவானே கூரைக்கு வந்து கரண்ட் குடுக்கிறாரு. அந்தக் கரண்ட்லதான் முதல் பால் பொங்கணும்," என்று நின்றுவிட்டார். கோயில் குருக்களிடம் கேட்டு நேரம் குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலம் தொடங்குமுன். அதற்குமுந்திய நாளே உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து எல்லாவற்றையும் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. வெள்ளிக்கிழமை காலை சுபாங்கி அறை உட்கூரையின் கடைசிப் பலகையை மூட வந்த தச்சர், உள்ளே கிடந்த கம்பியைக் கவனிக்காமல் மிதித்துவிட்டார். இரண்டு கம்பிகளைச் சேர்க்கிற கனெக்டரின் ஒரு பாதி பிளந்துபோனது.

கீழே உறவுக்காரர்கள் பட்டுப்புடவை சரசரக்க வந்து நிறைந்துகொண்டிருந்தார்கள். மேலே கஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூரைக்கும் பலகைக்கும் இடையில் குப்புறப் படுத்திருந்தான். பிரசாந்தி ஏணியில் நின்று விளக்குப் பிடித்தாள். கருவிப் பெட்டியைத் துழாவி ஒரு கனெக்டரை எடுத்து நீட்டினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது வேற கம்பெனி."

"போட்டா சேராதா?"

"சேரும். பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா வேற வேற கம்பெனிய சேர்க்கக் கூடாது பிரசா. படிக்கிறப்பவே அடிச்சுச் சொல்லுவாங்க."

கீழிருந்து அம்மாவின் குரல் படி ஏறி வந்தது. "பிரசா! நேரம் போகுதும்மா! ராகுகாலம் வந்துட்டா அப்புறம் நாளைக்குத்தான்!"

கஜன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். புருவத்தில் மரத்தூள். நாளைக்கு என்றால் அத்தனை பேரும் திரும்பிப் போவார்கள். அப்பா யாரையும் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"அடுத்த வாரம் மாத்திக்கலாம் கஜா," என்றாள் பிரசாந்தி. "இப்ப போடு."

கிளிக் என்று ஒரு சத்தம். எவ்வளவு சுத்தமான சத்தம். பால் பொங்கியது. இண்டக்‌ஷன் அடுப்பின் கறுப்புக் கண்ணாடியில் வழிந்து, அம்மா கைகூப்பி, பெண்கள் குலவையிட, அப்பா கஜனின் தோளில் கை வைத்து யாரோ ஒரு சித்தப்பாவிடம், "எல்லாம் என் மருமகன் செஞ்சது," என்றார். என் மருமகன். கஜன் குனிந்து வேட்டியைச் சரிசெய்வதுபோல நின்றான். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. அந்த நிமிடத்துக்காகப் பிரசாந்தி பல வருடங்களாக ஏங்கியிருந்தாள்.

அடுத்த வாரம் சரியான கனெக்டர் வந்து சேர்ந்தது. அதற்குள் உட்கூரை மூடி, வண்ணம் பூசி, அப்பா அதைப் படம் எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்பியாயிற்று. ஈசூனில் மிச்சமிருந்த பெட்டிகளை எடுக்கப் போகும்போது காரில் அவள் கேட்டாள், "அது டேஞ்சரா?" அவன் சிவப்புச் சிக்னலில் வண்டியை நிறுத்தினான். வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உலோகம் முழுசாகப் பிடிக்காது என்றான். நல்ல வெயிலில் கரண்ட் அதிகமாக ஓடும்போது அந்த இடைவெளி சூடாகும் என்றான்.

"உடனே ஒண்ணும் ஆகாது."

"அப்புறம்?"

"மெதுவா," என்றான்.

அந்தக் கனெக்டர் பிளாஸ்டிக் உறையோடு சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது, சாப்பாட்டுக் கடைகளில் தருகிற மிளகாய்ச் சாஸ் பொட்டலங்களுக்கு நடுவே. ஒவ்வொரு முறை கரண்டி எடுக்கும்போதும் அவள் விரலில் படும். முதலில் குழந்தைக்குக் காய்ச்சல். பிறகு அப்பாவின் பிறந்தநாள். பிறகு மழைக்காலம் வந்துவிட்டது. நாள்கணக்கில் இருண்டு கொட்டிய மழையில், அவ்வப்போது லேசாக வந்துகொண்டிருந்த வாசம் அடியோடு இல்லாமல்போய், தாங்கள் வீணாகப் பயந்துவிட்டோம் என்றுகூட இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தை பிறந்தது. வெயில் திரும்பியது.

"இங்க என்ன பண்ற?" கஜன் வாசலில் நின்றான். நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். பையில் புதிதாக அச்சடித்த முகவரி அட்டைகள். பக்கத்துக் கடைவீட்டு அப்துல் அலீம் தன் மகளோடு இப்போது வரப்போகிறார். தன் வீட்டுக் கூரைக்கும் தகடு போடுவதா என்று பார்க்க வருகிறார். அவர் சரி என்றால் இந்த வரிசை முழுவதும் அவர் பின்னால் வரும் என்று அப்பா சொல்லியிருந்தார். கஜனின் நிறுவனத்துக்கு வேறு எந்த வேலையும் கையில் இல்லை. அழைத்தவர் அப்பா. இனிப்புகூட அவரே போய் வாங்கிவந்திருந்தார்.

"வாசம் அவளுக்கே தெரியுது கஜா. இன்னிக்குச் சொல்லிரலாம்."

"இன்னிக்கா? இன்னிக்கேவா பிரசா?"

"சொல்ல வேணாம்னா ஸ்விட்ச்சையாவது ஆஃப் பண்ணு."

"மாமா போன்ல கரண்ட் அளவு காட்டுற ஆப் இருக்கு. கோடு விழுந்தா முதல்ல அவர்தான் கேப்பாரு. அவங்க முன்னாடி." அவன் கட்டிலின்மேல் ஏறி, புறங்கையை உட்கூரைமீது, கறைக்கு அருகே, வைத்துப் பார்த்தான். சுபாங்கிக்குக் காய்ச்சலா என்று பார்க்கும்போதும் அவன் இப்படித்தான் வைப்பான். உள்ளங்கையை அவன் நம்புவதில்லை, காய்ப்பு ஏறிவிட்டது என்பான்.

"சூடா?"

"வெயில் சூடு," என்றான். கீழே இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்க போனதும் பலகைய உடைச்சு மாத்திர்றேன். சத்தியமா. மாமாகிட்டயும் நானே சொல்லிர்றேன். ஒரு மணி நேரம், அவ்வளவுதான்."

இதுவரை இந்த வீட்டில் அவன் சொன்ன எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை. கீழே அழைப்புமணி அடித்தது.

அப்துல் அலீம் வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க உள்ளே வந்து, முன்னறையின் உத்தரங்களை அண்ணாந்து பார்த்தார். அவர் குடும்பமும் இந்தத் தெருவில் வெகுகாலமாக இருப்பது. அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் மகள் சாதியா திரைச்சீலைக் கடை நடத்துகிறாள். கூரைவரை துணிச் சுருள்கள் அடுக்கிய கடை. "ரத்தினம் சார், வெயிலுக்கே வேலை போட்டுக் குடுத்துட்டீங்களாமே," என்றார் சிரித்துக்கொண்டே. "எங்க வீட்டு வெயிலும் சும்மாத்தான் படுத்துக் கெடக்கு. அதுக்கும் ஒரு வழி பண்ணுங்க."

"பாய், நான் ஒண்ணும் பண்ணல. எல்லாம் இவருதான்." அப்பா கஜனைக் காட்டினார். இவரு என்றார். பிறகு கைப்பேசியை நீட்டி, திரையில் காலையிலிருந்து ஏறிக்கொண்டே வந்த கோட்டை விரலால் தொடர்ந்தார். ஒரு குன்றின் பாதியைப்போல இருந்தது அது. "பாத்தீங்களா, எப்படி ஏறுதுன்னு. மழைக்காலம் பூரா செத்துக் கெடந்துச்சு. இன்னிக்குத்தான் புல் பவர்."

"நல்ல நாள் பார்த்துத்தான் எங்களக் கூப்பிட்டிருக்கீங்க லா," என்றாள் சாதியா. அவள் பிரசாந்தியைவிடச் சிறியவள். மசாலா டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கஜன் பக்கம் திரும்பினாள். "கஜன் அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. தீ கீ புடிக்காதுல்ல? கடை பூரா துணி. அதான்."

"சரியா பண்ணா ஒண்ணும் ஆகாது," என்றான் கஜன்.

பிரசாந்தி வடைத் தட்டை மேசையில் வைத்தாள். வைத்த கையை எடுக்க மறந்து, தட்டின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

"இவளுக்கு எல்லாத்துக்கும் பயம்," என்றார் அலீம். "ஆனா கேக்கிறது சரிதான். அந்தக் காலத்துல எங்க பாட்டனாரும் உங்க தாத்தாவும் சுவரப் பங்கு போட்டுல்ல கட்டியிருக்காங்க. உங்க வீட்டு உத்தரமும் எங்க வீட்டு உத்தரமும் ஒரே சுவத்துல தலை வச்சுப் படுத்திருக்கு. அந்தப் பொந்துல கைய விட்டா உங்க கட்டைய எங்க வீட்லேருந்தே தொடலாம். சின்ன வயசுல தொட்டிருக்கேன்." அவர் ஒரு வடையை எடுத்தார். எடுத்தவர் கடிக்காமல் மூக்கை உயர்த்தினார். "ஏதோ கருகுதா?"

"இல்லையே பாய், அடுப்ப நிறுத்திட்டேனே," என்று அம்மா சமையலறையை எட்டிப் பார்த்தார்.

"பக்கத்து ஹோட்டலா இருக்கும்," என்றார் அப்பா. "இந்தத் தெருவுல வாசத்துக்கா பஞ்சம்? காலைல சாம்பிராணி, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சாக்கடை." எல்லோரும் சிரித்தார்கள். கஜனும் சிரித்தான். சிரிப்பு முடியுமுன் அவன் கண் படிக்கட்டுப் பக்கம் போய்வந்ததைப் பிரசாந்தி பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு முன்னறையில் ஒரு குரல் குறைவது உறைத்தது.

"சுபா எங்கம்மா?"

"அலீம் தாத்தாவுக்குக் காட்டணும்னு ஏதோ படம் வரஞ்சிருக்காளாம். எடுக்க மேல போனா," என்றார் அம்மா. "போய் ரொம்ப நேரமாச்சே."

பிரசாந்தி ஓடவில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் படிகளில் கால் பட்ட நினைவு பிறகு அவளுக்கு வரவே இல்லை. கையில் ஒரு தாளோடு சுபாங்கி கட்டிலின்மேல் நின்றிருந்தாள். தாளில் நிறைய கதிர்களோடு ஒரு மஞ்சள் வட்டம். அவள் அண்ணாந்து உட்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாரேன். பால் மாதிரி."

கறையின் நடுவில் வெள்ளை வண்ணம் எழும்பி, சுருங்கி, மறுபடி எழும்பியது. காய்ச்சிய பாலின்மேல் ஆடை திரள்வதைப்போல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துணுக்கு உரிந்து, ஆடி ஆடி வந்து, தலையணைமேல் விழுந்தது. அது உரிந்த இடம் கறுப்பாக இருந்தது.

குழந்தையை இடுப்பில் அள்ளிக்கொண்டு இறங்கினாள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில், அப்பா பெருமையோடு எல்லோருக்கும் காட்டுகிற வெள்ளை இன்வெர்ட்டர் பெட்டி சுவரில் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிவப்புத் திருகு. கஜன் ஒருமுறை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்: இதைத் திருப்பினால் ஓட்டம் நிற்கும், ஆனால் வெயில் இருக்கிறவரை மேலே கம்பியில் உயிர் இருந்துகொண்டேதான் இருக்கும், சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது. அவள் திருப்பினாள். ரீங்காரம் நின்றது.

"கஜன், என்ன இது?" முன்னறையில் அப்பாவின் குரல். "கோடு விழுந்துருச்சு. நேரா கீழ வந்துருச்சே."

பிரசாந்தி அவர்கள் எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள். "நான்தான் ஆஃப் பண்ணேன்பா. மேல சீலிங் எரியுது. எல்லாரும் வெளிய போங்க. சாதியா, உன் கடையில ஆள் இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போ." அப்பா புரியாமல் பார்த்தார். அதற்குமேல் அவளால் நிறுத்த முடியவில்லை. "பால் காய்ச்சுன அன்னிக்கு ஒரு கனெக்டர் ஒடஞ்சிருச்சு. வேற கம்பெனிய சேர்க்கக் கூடாதுன்னு கஜன் சொன்னாரு. நேரம் போகுதுன்னு நான்தான் போடச் சொன்னேன்."

"அவ சொன்னா," என்றான் கஜன். நாற்காலியிலிருந்து எழுந்திருந்தான். "கை என்னோடது மாமா."

அலீம் கடிக்காத வடையைத் தட்டில் திரும்ப வைத்தார். சாதியா ஏற்கெனவே வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கை கண்ணாடிக்குப் போனது. பிரசாந்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவர் அதைக் கழற்றவில்லை. கஜன் சுவரோரம் இருந்த சிவப்புத் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு படிப்பக்கம் திரும்பியபோது அவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"கஜன். மேல ஏறாத."

"ஓட்டம் நின்னுருச்சு மாமா, ஆறிரும். பலகைய மட்டும் திறந்து பார்த்துட்டு வந்துர்றேன்."

"ஏறாதன்னு சொல்றேன்ல."

கஜன் அவரைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அவனிடம் அதட்டிப் பேசியது அதுதான் முதல்முறை. பிறகு பிரசாந்தியைப் பார்த்தான்.

"கஜா, நீ வா," என்றாள் அவள். பெற்றோர்முன் அவனை அவள் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. "விட்டுட்டு வா. ப்ளீஸ்."

"பாயோட சுவர்ப் பக்கம் மட்டும் பாக்கணும் பிரசா. அந்தக் கட்டைதான்..." சொல்லி முடிக்காமல் அவன் இரண்டு இரண்டு படிகளாக ஏறினான். மேலே கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. அவளால் அரைவாசிதான் நகர்த்த முடிந்த கட்டில்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம், இரும்புச் சாமான் கடையின் ஐந்தடி நடைபாதையில் அவர்கள் நின்றார்கள். சாதியா கைப்பேசியில் தீயணைப்பு வண்டிக்கு முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டு எண்ணைச் சொல்லும்போது முதலில் தன் வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டுத் திருத்தினாள். அவள் கடைப்பெண் கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். அம்மா மாவு காய்ந்திருந்த விரல்களால் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் கையில் கைப்பேசி இன்னும் விரிந்திருந்தது. குன்று பாதியில் வெட்டப்பட்டு, கோடு தரையோடு ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா எங்க?" என்றாள் சுபாங்கி. சூரியன் வரைந்த தாள் இன்னும் அவள் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"வந்துருவாரு."

வீடு அழகாக இருந்தது. வெளிறிய பச்சை முகப்பு, வெள்ளைப் பூவேலை, கழுவிவிட்டதுபோன்ற சன்னல் கதவுகள். உச்சி வெயிலில் முன்சரிவின் மண் ஓடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. போகிற வருகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சுற்றுப்பயணி ஒருவர் நின்று அதே முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு போனார். தெருவில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தெரியவும் கூடாது.

வண்டியின் சத்தம் இன்னும் கேட்கவில்லை. பிரசாந்தி குழந்தையை இறுக்கிக்கொண்டு கூரையின் முகட்டைப் பார்த்தாள். அவர்கள் வீட்டு முகட்டில் ஒரு புறாகூட இல்லை. அலீம் வீட்டு முகட்டில் வழக்கம்போல நெருக்கியடித்துக்கொண்டு ஒரு வரிசை உட்கார்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரின்மேல் இருந்த புறா, ஓடு சுட்டதுபோல, காலைத் தூக்கியது. மாற்றி மறு காலைத் தூக்கியது. பிறகு பறக்காமல், ஓட்டின்மேல் நடந்து, கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தது. சற்றுப் பொறுத்து அதற்கு அடுத்த புறாவும் எழுந்து நடந்தது.